பிடித்தது வேறு, திரும்பிப் போவது வேறு

பிடித்த பத்துப் புத்தகம் என்ன, பிடித்த பத்துப் படம் என்ன என்று யாராவது கேட்டால் சட்டென்று ஒரு பட்டியல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டியலில் பாதி நாம் மதிக்கிற விஷயங்களாக இருக்கும். நல்லது என்று நாலு பேர் சொன்னது, படித்து முடித்தோம் என்பதிலேயே ஒரு நிறைவு தந்தது, அந்த வயதில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு அசதியாக இருக்கிற ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, கை தானாக எந்தப் புத்தகத்தை எடுக்கிறது, வாய் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறது, என்ன செய்து சாப்பிடலாம் என்று தோன்றுகிறது என்று கவனித்தால், அதற்கும் அந்தப் பட்டியலுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. நம் ரசனை எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் எதைப் பாராட்டுகிறோம் என்று பார்ப்பதைவிட எதற்குத் திரும்பிப் போகிறோம் என்று பார்ப்பதுதான் சரியான வழி. பல வருஷமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

செய்வது எளிது. ஒரு நோட்டு போதும். முதல் தடவை படித்தது, பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது எதையும் அதில் எழுதக்கூடாது. இரண்டாவது தடவை நாமாகத் தேடிப் போனால் மட்டும் அதன் பெயர், மாதம், வருஷம், முடிந்தால் ஏன் போனோம் என்று அரை வரி. மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் கிடையாது. ஆரம்பத்தில் நோட்டு காலியாகவே கிடக்கும், அதற்காக விட்டுவிடக்கூடாது. நாள் ஆக ஆகத்தான் ஒரு உருவம் தெரியும். என் நோட்டில் தெரிந்த உருவம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புத்தகம், படம், பாட்டு, சாப்பாடு எல்லாம் ஆளுக்கொரு திசையில் இருக்கும் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் நாலிலும் ஒரே குணத்தைத்தான் தேடிப் போயிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாமே என்று தோன்றுகிற இடத்தில் கையை நிறுத்திக்கொண்டவர்களின் வேலை எனக்குப் பிடிக்கிறது. அழ வைக்க முயலாத கதை, கத்தாத படம், அடக்கி வாசிக்கிற வாத்தியம், மிளகாய்ப்பொடி காட்டாத குழம்பு. உங்களுடையது வேறாக இருக்கலாம். நிறைத்துக் கொட்டுவதில் உண்மையான ஆனந்தம் காண்கிறவர்களும் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு, வெயில், தீப்பெட்டி ஆபீஸ், கடலை மிட்டாய். அந்த ஊருக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அதே ஊரில், அதே 1923இல், ஒரு வார இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991இல். இரண்டு பேருக்கும் சங்கீதத்தில் அப்படி ஒரு பித்து, விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். எழுத்தும் இசையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர் அது. சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது, பஸ்ஸில் அந்த ஊர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், அவ்வளவுதான். பின்னால் சென்னையில் வேலைக்கு வந்து, நூலகத்தில் அவர்கள் புத்தகங்களை எடுத்துப் படித்தபோதுதான் நம் பக்கத்துப் பேச்சு இப்படி அச்சில் இருக்கிறதே என்று தோன்றியது.

என் நோட்டில் அதிகத் தடவை இடம்பிடித்த கதை அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழைக் குடும்பம், தீபாவளி சமயம். ஊரில் பணக்கார வீட்டுக்கு மருமகனாக ஒரு ஜமீன் ராஜா வருகிறார், அந்த வீட்டுப் பையனுக்கு அதில் ஒரே பெருமை. இந்த ஏழை வீட்டு வாசலுக்கும் ஒரு பையன் வருகிறான், அப்பா அம்மா இல்லாதவன், உடம்பெல்லாம் சிரங்கு, அவன் பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனுக்குச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுக்கிறாள். மறுநாள் அந்த வீட்டுச் சின்னப் பெண் பணக்காரப் பையனிடம் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். கதை முடிந்தது. வறுமையைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தை வாய் திறப்பதில்லை. அந்தத் தாயைப் பார்த்தீர்களா என்று நம் கையைப் பிடித்து இழுப்பதில்லை. கல்லூரி நாளில் படித்தபோது எனக்குக் கதை முழுக்கக் குழந்தைகளின் போட்டிதான் தெரிந்தது, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போவார்களே, அது. எனக்குப் பிள்ளைகள் பிறந்து, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய், எல்லோருக்கும் எடுத்தபின் மிச்சம் எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்ற வருஷத்தில் அதே கதையைப் படித்தேன். அந்தத் துண்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவளுக்கென்று அவள் என்ன வாங்கிக்கொண்டாள் என்று தேடிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அதனால் புத்தக விஷயத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது, படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வருஷத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது அடியில் இன்னொரு வருஷம். சொந்தப் புத்தகமாக இருந்தால் எந்த வரியில் நின்றோம் என்று ஓரத்தில் ஒரு கோடு. ஐந்தாறு வருஷம் கழித்து அந்தக் கோடுகளைப் பார்த்தால் நாம் எப்படி மாறியிருக்கிறோம் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். தூக்கிப் போடவும் வேண்டாம், ஓரமாக வையுங்கள், சில புத்தகங்களுக்கு நாம் இன்னும் அந்த வயதுக்கு வந்திருக்க மாட்டோம். புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் அறுநூறு பக்க நாவலில் இறங்குவதற்குப் பதில் சிறுகதையில் இறங்கலாம், ஒரே அமர்வில் முடிந்துவிடும், பிடித்தால் மறுநாளே மறுபடி படிக்கலாம். திரும்பிப் போகிற பழக்கம் வருவதற்குச் சிறுகதை மாதிரி ஒன்று கிடையாது.

கி.ரா.வைப் படிக்க ஒரு தனி வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் எழுதியது பேச்சு, கண்ணுக்குள்ளேயே அடைத்து வைத்தால் பாதி போய்விடும். என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம். முதலில் நாலு பக்கம் படித்துவிட்டு, ‘ஒண்ணும் புரியலையேம்மா, இது எந்த ஊர்ப் பாஷை’ என்று வைத்துவிட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் எங்கள் ஊர் இழுவையிலேயே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வட்டாரச் சொல் தடுக்கினால் கவலை இல்லை, கரிசல் வட்டார வழக்குக்கு அவரே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார், 1982இல் வந்தது. அகராதி என்று பயப்பட வேண்டாம். அதையே கதை மாதிரி படிக்கலாம்.

அடுத்து படம். எங்கள் பக்கத்து இன்னொருவர் பூமணி. அவருடைய ‘வெக்கை’ நாவல் 1982இல் வந்தது, அதை வைத்து வெற்றிமாறன் 2019இல் ‘அசுரன்’ எடுத்தார். நாவலில் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் எடுத்த எடுப்பில் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிறான், அதற்கப்புறம் அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைப்பதைப் பொங்கித் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். கொலை நடந்த வீட்டின் கொதிப்பு அந்தச் சாதாரணப் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தில் அப்பாதான் நடுநாயகம், அவருக்கு ஒரு பழைய கதை, பெரிய சண்டைகள். என் கணவருக்கு அந்தப் படம் உயிர். தியேட்டரில் ஒரு தடவை, வீட்டில் எத்தனையோ தடவை. இடைவேளைச் சண்டை வரும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். நானும் ரசித்தேன், ஆனால் நான் திரும்பிப் போனது நாவலுக்குத்தான். அப்பனும் மகனும் காட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிற பக்கங்களுக்கு.

இதைக் கேட்டுவிட்டு, புத்தகம் எப்போதுமே படத்தைவிட மேல் என்று சொல்கிறாயா என்பார்கள். இல்லவே இல்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யையும் மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரன் கதையிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொன்று கட்டினார். அங்கே நான் திரும்பிப் போவது படத்துக்கு. விஜயன் செய்த அந்தச் சுந்தரவடிவேலு கத்துகிற வில்லன் கிடையாது, சட்டை கசங்காமல், குரல் உயராமல் வீட்டிலுள்ளவர்களை வதைக்கிறவன். கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் அவன் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். கெட்டவன் ஒழிந்தான் என்று நாம் கை தட்ட முடியாதபடி படம் நம்மைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இளையராஜா எங்கெல்லாம் வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்பதற்காகவே ஒரு தடவை பார்த்தேன். நீங்களும் அப்படிப் பாருங்கள், கதை தெரிந்த படத்தில் சத்தத்தை மட்டும் கவனிப்பது ஒரு தனி அனுபவம்.

எனக்கு அந்தப் பழக்கம் வந்தது ரேடியோவில். அப்போது வானொலியில் ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள், முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி, வசனமும் பாட்டும் மட்டும். பல படங்களை நான் காதால் பார்த்துவிட்டுப் பல வருஷம் கழித்துத்தான் கண்ணால் பார்த்தேன். கதவு சாத்துகிற சத்தம், செருப்புச் சத்தம், வசனத்துக்கு நடுவில் விழுகிற மூச்சு, இதெல்லாம் படத்தில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று கண்ணை மூடினால்தான் தெரிகிறது. உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை இன்றைக்கு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை ஓடவிடுங்கள். நல்ல காட்சி அப்போதும் நிற்கும். நாவலும் படமும் இரண்டும் இருக்கிற கதையென்றால் நாவலை முதலில் படித்துவிடுங்கள் என்பதும் என் யோசனை. படம் பார்த்தபின் படித்தால் நடிகர்கள் முகம் வந்து குறுக்கே நின்றுகொள்ளும், அதை விரட்டுவது கஷ்டம்.

பாட்டு விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கிடைத்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. அதற்கு மேல் இடம் கிடையாது. கையில் இருக்கிற காசுக்கு எப்போதோ ஒரு கேசட்தான் முடியும், அதனால் அந்தப் பன்னிரண்டு பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்குள் நோட்டில் எழுதி அடித்து எழுதி அடித்து ஒரு மாசம் ஓடிவிடும். எங்கள் கடை அண்ணாச்சி தாளை வாங்கிப் படித்துப் பார்ப்பார். ‘ஏ பாப்பா, ரெண்டு சோகப் பாட்ட அடுத்தடுத்துப் போடாத, ரெண்டாவது பாட்டு எடுபடாது’ என்பார். ‘இந்தப் பாட்டு கடைசியில இருக்கணும், இதுக்குப் பின்னாடி எது வந்தாலும் வெளங்காது’ என்பார். கடைசியில் ஒன்றரை நிமிஷம் மிச்சம் விழுந்தால் வீணை, புல்லாங்குழல் என்று ஏதாவது ஒரு துண்டு வாசிப்பை அவராகப் போட்டு நிரப்பித் தருவார். எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டு உட்கார வேண்டும் என்பது ஒரு கலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இன்றைக்குப் போனில் கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது, ஒன்று முடிந்தால் அடுத்ததை அதுவே எடுத்துப் போடுகிறது. வசதிதான், நானும் சமைக்கும்போது ஓடவிடுகிறேன். ஆனால் அப்படிக் கேட்ட பாட்டில் எது மனசில் நின்றது என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, அடுத்த பாட்டு தானாக வருவதை அமைப்பில் போய் நிறுத்தி வைத்திருக்கிறேன், பாட்டு முடிந்ததும் அமைதி வரும், அந்த அமைதியில் இன்னொரு தடவை கேட்கலாமா என்று தோன்றினால் அதையே போடுவேன். இன்னொன்று, அறுபது நிமிஷ எல்லையைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு பட்டியல், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, புதிதாக ஒன்று சேர்க்க வேண்டுமானால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று தவிக்கிற அந்தத் தவிப்பில்தான் நமக்கு எது வேண்டும் என்பது தெளிவாகிறது. செய்து பாருங்கள், பத்தாவது பாட்டுக்கு மேல் கை நடுங்கும்.

அந்தப் பட்டியலில் ஒரு தடவைகூட எடுக்கப்படாத பாட்டு ‘சிங்காரவேலனே தேவா’. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படம், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, எஸ். ஜானகி பாட்டு, காருக்குறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். காருக்குறிச்சியார் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் குடியிருந்தவர், 1964இல் மறைந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவர் கச்சேரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும். நாதஸ்வரம் வெட்டவெளியில், ஊர்வலத்தில், தெரு முனைவரை கேட்க வேண்டிய வாத்தியம். அதை ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தக் குரல் எங்கும் அமுங்கிவிடாமல் வாசித்திருக்கிறார் மனுஷன். ஜானகி ஸ்வரம் பாடுகிற இடத்துக்கு வாருங்கள். அவர் ஒரு கொத்து பாடி நிறுத்துகிறார், வாத்தியம் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது, மறுபடி அவர், மறுபடி வாத்தியம். போட்டி மாதிரி இருக்கும், ஆனால் ஜெயிக்கப் பார்க்கிற போட்டி கிடையாது, ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார். அவ்வளவு பலம் உள்ள வாத்தியம் தன் பலத்தைக் காட்டாமல் நிற்கிற அழகுக்காகவே நான் அந்தப் பாட்டுக்குப் போகிறேன்.

அது ஆபேரி ராகம். ராகம் எல்லாம் நமக்குத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு, எனக்கு அண்ணாச்சி காட்டியது. ஒரு ராகத்துக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே ராகத்தில் இன்னொரு சினிமாப் பாட்டு, ஆபேரிக்கு ‘மீண்டும் கோகிலா’வின் ‘சின்னஞ்சிறு வயதில்’. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனையைப் போடுங்கள். பேர் தெரியாத ஒரு உறவு உங்களுக்கே தட்டுப்படும். ஆபேரி ஏறும்போது ஐந்து ஸ்வரம், இறங்கும்போது ஏழு. ஏறுகையில் ரிஷபம், தைவதம் என்கிற ரி, த இரண்டும் இல்லாததால் தாவித் தாவி மேலே போகும், இறங்குகையில் எல்லாப் படியிலும் கால் வைத்து வரும். இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டு கேட்டால் சந்தோஷம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. ஒரு மாசத்துக்கு ஒரு ராகம் போதும். அவசரப்பட்டால் ஒன்றும் ஒட்டாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மாவைப் பெற்ற ஆச்சி தாமிரபரணிக் கரைக்காரர், அதனால் எங்கள் வீட்டில் நல்ல நாளென்றால் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சொதிச் சாப்பாட்டைத்தான் எல்லோரும் காத்திருந்து சாப்பிடுவார்கள். மஞ்சள் கிடையாது, புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது, மல்லிப்பொடி கிடையாது. வெள்ளையாக இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதில் என்ன ருசி இருக்கப் போகிறது என்றுதான் நினைப்பார்கள், என் கணவர் வாயைத் திறந்தே கேட்டார். முழு வேலையும் தேங்காய்ப்பாலில்தான். தேங்காயை அரைத்துப் பிழிந்து முதல் பால் கெட்டியாக ஒரு பாத்திரத்தில், தண்ணீர் விட்டு மறுபடி அரைத்து இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால். மூன்றையும் கலக்காமல் தனித்தனியே வைக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கீறின பச்சை மிளகாய் எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். காய் வெந்ததும் லேசாக வறுத்துக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த சாறு அப்போது சேரும், காரம் அங்கிருந்துதான். உப்பை அந்த நேரத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். கடைசியில் முதல் பாலை ஊற்றியதும் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. ‘ஏளா, பால ஊத்திட்டு அங்க இங்க பாக்காத’ என்பார் ஆச்சி. பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டி வருகிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து போகும். எலுமிச்சைச் சாறு இறக்கி, சூடு சற்று அடங்கின பிறகு. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் அதுவும் திரியும். தாளிப்பு கொஞ்சம் நெய்யில் சீரகம், கறிவேப்பிலை, முந்திரி. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கட்டாயம், தேங்காய்ப்பால் இவ்வளவு உள்ளே போகிறதே, இஞ்சி இல்லாவிட்டால் வயிறு கனத்துவிடும். கூட உருளைக்கிழங்கு வறுவல்.

இந்தச் சொதியில் எதைச் சேர்த்தாலும் கெட்டுப்போகும். கொஞ்சம் மசாலா போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று ஒரு உறவுக்காரப் பெண் கரம் மசாலா போட்டதைச் சாப்பிட்டிருக்கிறேன், தேங்காய்ப்பாலின் இனிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இதே ஜாதிதான். கடலை, வெல்லம், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அதில் விஷயமெல்லாம் கடலையின் வறுவலும் பாகின் பதமும்தான். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டினால் கல் மாதிரி சத்தம் வர வேண்டும், அதற்கு முன் இறக்கினால் பல்லில் ஒட்டும், தாண்டினால் கசக்கும். இதெல்லாம் சமைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். அதனால்தான் வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம், பிடித்த பத்துச் சாப்பாட்டைப் படம் எடுத்து வைப்பதற்குப் பதில் வீட்டில் ஆச்சியோ அம்மாவோ செய்கிற ஒரே ஒரு பண்டத்தை உங்கள் கைக்குப் படியும்வரை செய்யுங்கள் என்று சொல்கிறேன். அளவு கேட்டால் அவர்கள் கண்ணளவு என்பார்கள், விடாதீர்கள், அவர்கள் போடப் போகும்போது கையைப் பிடித்துக் கிண்ணத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆச்சி இருக்கும்போதே அப்படி எழுதி வைத்த ஒரு தாள் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எங்கள் சொதி அவரோடு போயிருக்கும்.

அப்புறம் என் கணவர். அவருக்குப் பெரிய படம் வேண்டும், பின்னணி இசை நெஞ்சில் இடிக்க வேண்டும், ரசம் மிளகு தூக்கலாக இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் இதில் எது உயர்ந்தது என்று நாங்கள் வாதம் செய்திருக்கிறோம். இப்போது செய்வதில்லை. ஒருவர் ரசனையை வாதத்தால் மாற்றி நான் பார்த்ததில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அனுபவித்தால் மட்டும் கொஞ்சம் நகர்கிறது. அவரோடு முதல் நாள் முதல் காட்சிக்குப் போய், அந்தக் கூட்டத்தின் விசிலுக்கு நடுவில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் படங்கள் யாருக்காக, எந்த இடத்தில் பார்ப்பதற்காக எடுக்கப்படுகின்றன என்று எனக்கு விளங்கியது. அதே படத்தை வீட்டில் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. அவரும் இன்று சொதி இருக்கிறதென்றால் ரசம் கேட்பதில்லை.

பிள்ளைகளிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதைப் படி, இதைக் கேள் என்று நாம் திணித்தது எதுவும் அவர்களிடம் நிற்பதில்லை. என் மகள் கேட்கிற பாட்டின் பாஷையே எனக்குத் தெரியாது. அவளிடமும் அந்த ஒரு மணி நேர விளையாட்டைச் சொன்னேன், உனக்குப் பிடித்ததை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கி எனக்குக் கொடு என்று. ஆர்வமாகச் செய்து கொடுத்தாள், வரிசையைக்கூட யோசித்திருந்தாள். நடுவில் ஒரு பாட்டில் தாளம் எல்லாம் நின்று குரல் மட்டும் வருகிற ஒரு இடம் இருந்தது, அதை மறுபடி போடச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரம் அவளாகவே, ‘அம்மா, அந்த நாதஸ்வரப் பாட்டப் போடேன்’ என்றாள்.

உங்களுக்குப் பிடித்ததை யாருக்காவது அனுப்பும்போது இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அவர்களுக்கு நாளைக்கு நூறு இணைப்பு வருகிறது. எந்த இடத்தில் காதைக் கொடுக்க வேண்டும், கதையில் எந்தப் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும், படத்தில் எந்தக் காட்சி என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது நிமிஷத்தில் அவர் ஸ்வரம் பாடி நிறுத்துவார், வாத்தியம் வாங்கும், அதைக் கேள் என்கிற மாதிரி. அப்படி எழுத நீங்களே இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள்.